சுங்கை சிப்புட்டில் முதல் ஸ்க்ரேம்ப்ளர் வாங்கப் போகிறவருக்கு

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் ஒருவர் ஸ்க்ரேம்ப்ளர் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சிசி?" என்பதுதான். ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும் மாமா கேட்டாலும் சரி, கூட வேலை செய்யும் தம்பி கேட்டாலும் சரி, கேள்வி அதேதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. செம்பனைக் காட்டுப் பாரிட்டில் (வாய்க்காலில்) சாய்ந்த வண்டியை உங்களால் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா? கிளட்ச் பிளேட் தேய்ந்து போனால், பட்டணத்து மோட்டார் கடைக்காரர் ஒரு வாரத்துக்குள் புதுசு வரவழைத்துத் தருவாரா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வருகிற வண்டியை எடுங்கள். குதிரைச் சக்தி, நிறம், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம் பேசலாம்.

ஸ்க்ரேம்ப்ளர் என்றால் எது?

மட்கார்டு உயரத் தூக்கி நிற்கும் எல்லா வண்டிக்கும் நம் ஊரில் ஸ்க்ரேம்ப்ளர் என்றே பெயர். கடையில் அது நான்கு வகையாகப் பிரியும். மோட்டோகிராஸ் வண்டி மூடிய பந்தயத் திடலுக்காகச் செய்தது. அதற்கு விளக்கு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, கியர்கள் ஒன்றையொன்று நெருங்கி இருக்கும். மெதுவாக உருட்டிப் போக வேண்டிய இடத்தில் அது உங்களைப் படுத்தி எடுத்துவிடும். எண்டுரோ வண்டி நாள் முழுக்கக் காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கானது. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய ஆறு நாள் போட்டிதான் அந்த வகையின் மூலம். வழியில் உடைந்தால் ஓட்டுபவரே பழுது பார்க்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் அடிப்படை. அதனால்தான் எண்டுரோவில் எடை குறைவு, கியர் இடைவெளி அகலம், விளக்கு உண்டு, கழற்றி மாட்டுவதும் எளிது.

மூன்றாவது டூவல் ஸ்போர்ட். எண்டுரோ உடம்பு, சாந்தமான எஞ்சின், நம்பர் பிளேட், கண்ணாடி, சிக்னல் எல்லாவற்றோடும் வரும். கவாசாகி கேஎல்எக்ஸ்150பிஎஃப், யமஹா டபிள்யூஆர்155ஆர், ஹோண்டா சிஆர்எஃப்250எல் எல்லாம் இந்த வகை. நான்காவது அட்வென்ச்சர். பெரிய டேங்க், பெரிய எடை, நீண்ட சடக்குக்கு (சாலைக்கு) ஏற்றது. புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்றாவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போட்டி எண்டுரோ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், கீழே பத்திரங்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லயத்திலிருந்து வேலைக்காட்டுக்குப் போய் வரவும், வாரக் கடைசியில் ஆற்றோரம் தூண்டில் போடப் போகவும் மட்டும்தான் வண்டி என்றால் கப்சாயே (சாதாரணச் சின்ன மோட்டார் சைக்கிளே) போதும். பட்டன் டயர் மாட்டி, பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கிய ஒரு ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் எவ்வளவு செங்குத்தான மேடு ஏறும் என்று டுரியான் தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இருபுறமும் கூடை கட்டிக்கொண்டு ஏறுவார்கள். அதற்குமேல் ஆசை இருந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

முதல் படி: மண்ணைப் பாருங்கள்

எல்பில், ஹீவுட், டோவன்பி தோட்டங்கள் என்று நம்மைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் செம்மண் மேடுகள். வெயிலில் தூசி, மழையில் சவுக்காரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால், காலையில் சுலபமாக ஏறிய மேட்டில் மாலையில் இறங்கவே பயமாக இருக்கும். பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கம் மண்ணே வேறு. சமதரையில் களிமண், அடுக்கடுக்காகப் பாரிட், பாரிட்டுக்குக் குறுக்கே ஒற்றைப் பலகை. அங்கே ஓட்டுபவருக்கு எஞ்சின் சக்தியைவிட, தாழ்ந்த இருக்கையும் குறைந்த எடையும்தான் கைகொடுக்கும். லாசா தாண்டி குவாலா மு பக்கம் மரலோரிச் சடக்கில் போக நினைப்பவர்களுக்குப் பெட்ரோல் டேங்க்கின் அளவும் ஒரு கணக்கு. கேஎல்எக்ஸ்150பிஎஃப் டேங்க் ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, டபிள்யூஆர்155ஆர் எட்டு லிட்டருக்குச் சற்று அதிகம்.

செம்பனைத் தோட்டத்துக்கே உரிய சங்கடம் மட்டை முள். வெட்டிப் போட்ட மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கியிருப்பார்கள். அந்த வரிசைக்குள் வண்டியை விட்டால் டயர் தப்பாது. முள் உள்ளே ஒடிந்து நின்றுவிடும். டியூப்பை மட்டும் ஒட்டிவிட்டு மாட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடியும் காற்று இறங்கும். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள் நுனியைத் தேடி எடுக்க வேண்டும். வாங்கும்போதே கனமான டியூப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை.

இரண்டாம் படி: தூக்கிப் பாருங்கள்

கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அத்தோடு நிற்காதீர்கள். கடைக்காரரைக் கூட நிற்கச் சொல்லிவிட்டு வண்டியை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்து, திரும்ப நிமிர்த்துங்கள். காட்சிக்கு நிற்கும் வண்டியைத் தரையில் படுக்க வைக்க யாரும் விடமாட்டார்கள். முக்கால் சாய்வுக்குச் சம்மதிப்பார்கள். அதிலேயே இடுப்பு பதில் சொல்லிவிடும். நண்பரிடம் அதே மாடல் இருந்தால் புல்தரையில் படுக்க வைத்துத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு முறை யாரும் தூக்கிவிடலாம். காட்டில் ஒரே மணி நேரத்தில் ஆறேழு முறை தூக்க வேண்டி வரும், அதுவும் சேற்றில் கால் வழுக்க.

எண்களைப் பார்ப்போம். கேஎல்எக்ஸ்150பிஎஃப் 118 கிலோ. டபிள்யூஆர்155ஆர் 134 கிலோ. 250 சிசி டூவல் ஸ்போர்ட் வண்டிகள் 140ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். கேடிஎம் 300 இஎக்ஸ்சி பெட்ரோல் இல்லாமல் 105 கிலோவுக்குள்தான். சிசி கூடினால் எடையும் கூடும் என்ற எண்ணத்தை அந்த வண்டி பொய்யாக்குகிறது. ஆனால் அந்த எடைக் குறைவுக்கு விலையிலும் பராமரிப்பிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேஎல்எக்ஸுக்கும் டபிள்யூஆருக்கும் இடையே உள்ள 16 கிலோ பட்டியலில் சின்ன எண்தான். மழையில் மேட்டின் பாதியில் நின்றுபோன வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கும்போது அது ஒரு அரிசி மூட்டை.

மூன்றாம் படி: கால் எட்டுகிறதா?

இருக்கை உயரம் கேஎல்எக்ஸில் 870 மில்லிமீட்டர், டபிள்யூஆரில் 880ஐ ஒட்டி, போட்டி எண்டுரோக்களில் 950ஐத் தாண்டும். நம்மில் பலருக்கு இரண்டு பாதமும் தரையில் பதியாது. அதற்காகப் பயப்பட வேண்டாம். நீங்கள் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி வண்டி கொஞ்சம் இறங்கும். ஒரு காலின் முன்பாதம் உறுதியாக ஊன்றினால் போதும். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றிப் பழகுவது ஒரு வித்தை, சீக்கிரம் வந்துவிடும். ஆனால் நுனி விரல் மட்டும்தான் எட்டுகிறது என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். இருக்கைப் பஞ்சை வெட்டி உயரம் குறைக்கலாம் என்பார் கடைக்காரர். கொஞ்சம் வெட்டலாம். ஸ்பிரிங்கை மாற்றி, லிங்க் மாட்டி வண்டியையே தாழ்த்துவதை முதல் வண்டியில் செய்ய வேண்டாம். அடிப்பாகம் கல்லில் இடிக்கத் தொடங்கும்.

ஃபுட்பெக்கில் எழுந்து நின்றும் பாருங்கள். காட்டில் பாதி நேரம் நின்றபடிதான் ஓட்டுவீர்கள். நின்றால் முதுகு வளைந்து ஹேண்டிலைத் தேட வேண்டியிருக்கிறதா? அப்படியானால் ஹேண்டில் உயர்த்தும் ரைசர் மாட்டிக் கொள்ளலாம், மலிவுதான்.

சக்கரம், எஞ்சின்

முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. இந்த இரண்டு எண்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரிய முன்சக்கரம் வேரையும் பள்ளத்தையும் ஏறிக் கடக்கும். பின் 18 என்றால் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கும், காற்றைக் குறைத்து ஓட்டலாம், ரிம் அடிபடாது. கேஎல்எக்ஸ்150 பெயரிலேயே 19, 16 அங்குலச் சக்கரங்களோடு ஒரு ரகமும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் அது நல்லதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிட்டு, பிறகு சக்கரம் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். மாற்றும் செலவு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

எஞ்சின் விஷயத்தில் நான் பழைய கட்சி. கேஎல்எக்ஸ்150இன் எஞ்சின் காற்றால் குளிர்வது, இரண்டு வால்வு, ஐந்து கியர். சக்தி சுமார் 12 குதிரைதான். ஆனால் உடைவதற்கு ரேடியேட்டர் கிடையாது, எந்தப் பட்டணத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். டபிள்யூஆர்155ஆர் நீரால் குளிர்வது, நான்கு வால்வு, ஆறு கியர், 16 குதிரைக்குமேல். சடக்கில் ஈப்போ வரை போய் வர அதுதான் சுகம். வேலைக்கும் அதே வண்டி, காட்டுக்கும் அதே வண்டி என்றால் டபிள்யூஆர் பக்கம் சாயலாம். காட்டுக்கு மட்டும் என்றால் கேஎல்எக்ஸ்.

கேடிஎம் 300 இஎக்ஸ்சி மாதிரியான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மீது ஆசை இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. போட்டி எண்டுரோக்களின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் எண்ணமாட்டார்கள், ஓடிய மணிக்கணக்கில்தான் எண்ணுவார்கள். பிஸ்டன்கூட அந்தக் கணக்கில் மாற்ற வேண்டிய உருப்படிதான். ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்திவைப்பவருக்கு அது சரிப்படாது.

நான்காம் படி: பத்திரம்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். பணத்தைக் கட்டிய பிறகு கண்ணீர் விடுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பி2 லைசென்ஸ் 250 சிசி வரை மட்டும். 16 வயதிலிருந்து எடுக்கலாம். 300 சிசி வண்டியைப் பதிவு செய்து சடக்கில் ஓட்ட பி2 உதவாது. ரோட் டாக்ஸ் 150 சிசி வரை ஒரு பொருட்டே இல்லை. 151 முதல் 200 சிசி வரை ஆண்டுக்கு 30 வெள்ளி, 201 முதல் 250 வரை 50 வெள்ளி. டபிள்யூஆர் 155 சிசி என்பதால் அடுத்த படிக்குப் போய்விடுகிறது. பெரிய தொகை இல்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி: "தவுக்கே, இந்த வண்டிக்குக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) என் பெயரில் வருமா, நம்பர் பிளேட் கிடைக்குமா?" போட்டிக்கென்று இறக்கிய வண்டிகளுக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு இருக்காது. ரோட் டாக்ஸ் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. காட்டில்தானே ஓட்டப் போகிறோம் என்று தோன்றும். ஆனால் பட்டணத்தின் நடுவே ஈப்போ-கோலகங்சார் பழைய சடக்கு ஓடுகிறது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக அதைக் குறுக்கே கடந்தாலே நீங்கள் பொதுச் சாலையில் இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வண்டியைப் பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். உங்களிடமோ நண்பரிடமோ பிக்கப் இல்லையென்றால் அந்த வண்டியை மறந்துவிடுங்கள். "எல்லாரும் ஓட்டுறாங்க தம்பி" என்று யாராவது சொன்னால், விபத்து நடந்தால் மருத்துவச் செலவை அந்த எல்லாரும் கட்டுவார்களா என்று கேளுங்கள்.

எக்ஸாஸ்ட் மாற்றுவது, கண்ணாடியைக் கழற்றுவது, பிளேட்டைச் சின்னதாக வெட்டுவது எல்லாம் சம்மனுக்குப் போடும் அழைப்பு. புதிய வண்டியில் ஏபிஎஸ் இருந்தால் பின்சக்கர ஏபிஎஸை அணைக்க வசதி உண்டா என்று பாருங்கள். மண் இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டி இழுக்க வேண்டிய நேரம் வரும்.

ஐந்தாம் படி: கடையும் காசும்

ஒரே மாடலுக்கு ஈப்போவில் விலை கொஞ்சம் குறையலாம். அதற்காக மட்டும் அங்கே போகாதீர்கள். எங்கே சர்வீஸ் செய்யப் போகிறீர்களோ அங்கே முதலில் பேசிப் பாருங்கள். கிளட்ச் லீவர், ஏர் ஃபில்டர், முன் பிரேக் பேட், பின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட் என்று ஐந்து சாமான்களின் பெயரைச் சொல்லி, கையிருப்பில் என்ன இருக்கிறது, இல்லாதது எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கடைக்காரர் அலமாரியைத் திறந்து காட்டினால் நிம்மதி. "அதெல்லாம் வரும், வரும்" என்று மழுப்பினால் வேறு மாடல் பாருங்கள். தனியார் இறக்குமதி வண்டிகளில் இந்தச் சிக்கல் அதிகம். வண்டி பளபளப்பாக நிற்கும், ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்கு ஒன்றரை மாதம் காத்திருக்க நேரிடும்.

தவணையில் எடுப்பவர்கள் மாதத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓர் உதாரணம்: 12,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலை வட்டி, ஐந்து வருடம். வட்டி மட்டும் 6,000. மொத்தம் 18,000, மாதம் 300. அசல் குறையக் குறைய வட்டி குறையாததால், மிச்சக் கடன்மீது கணக்குப் பார்த்தால் அது 17 விழுக்காட்டைத் தாண்டும். அதே கடனை மூன்று வருடத்தில் கட்டினால் வட்டி 3,600, மாதம் 433 வெள்ளி சொச்சம். மாதம் 133 கூடக் கட்ட முடிந்தால் 2,400 வெள்ளி மிச்சம். அந்த மிச்சத்தில் பாதுகாப்புச் சாமான் முழுவதும் வாங்கிவிடலாம்.

அந்தச் சாமான்களை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள ஹெல்மெட், கண்ணுக்குக் கூகிள்ஸ், கையுறை, முழங்கால் காப்பு, கணுக்காலுக்கு மேல் ஏறும் கெட்டியான பூட்ஸ். பால்மரம் வெட்டவும் காட்டில் நடக்கவும் ‘அடிடாஸ் கம்போங்’ ரப்பர் காலணிக்கு ஈடில்லை. ஆனால் 118 கிலோ கணுக்கால்மேல் சாயும்போது அது எதையும் தடுக்காது. காசு போதவில்லையென்றால் வண்டியில் ஒரு படி இறங்குங்கள், பூட்ஸில் இறங்காதீர்கள்.

வண்டி எடுக்கும் நாள்

பகலில் போங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். தொளதொள என்று ஒலிப்பதை அங்கேயே முறுக்கச் சொல்லுங்கள். அடிப்பாகக் காப்புத் தகடும் கைக்காப்பும் இல்லையென்றால் மாட்டிக்கொண்டே வெளியே வாருங்கள். முதல் விழுதலில் கிளட்ச் லீவர் உடைவதுதான் வழக்கம். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் மேடு ஏற இழுவை கூடும், சடக்கில் வேகம் குறையும். ஆனால் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின் ஸ்பிரிங்கை உங்கள் எடைக்குச் சரிசெய்ய மெக்கானிக் தேவையில்லை. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை டேப்பால் அளங்கள். பிறகு முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்து, நண்பரை விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் சஸ்பென்ஷனின் மொத்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும். அதிகம் இறங்கினால் ஸ்பிரிங் வளையத்தை இறுக்குங்கள், குறைவென்றால் தளர்த்துங்கள்.

காட்டுக்குள் டயர் காற்றைக் குறைப்பது பிடிமானத்துக்கு. டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இருந்தால் 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். இல்லையென்றால் 18க்குக் கீழே போக வேண்டாம், டயர் ரிம்மில் சுழன்று டியூப் வால்வைப் பிய்த்துவிடும். சடக்குக்குத் திரும்பியதும் நிரப்ப ஒரு சின்னப் பம்ப் பையில் இருக்கட்டும்.

எங்கே விடுவார்கள்?

தோட்டச் சடக்கு கம்பெனியின் சொத்து. செம்பனைக் குலைத் திருட்டு நடக்கும் காலத்தில், ஹெல்மெட்டும் கூகிள்ஸும் போட்டு வருகிற எவரையும் ஜாகா (காவலாளி) சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. தோட்டத்துக் கிராணியையோ (எழுத்தரையோ) மேனேஜரையோ முன்கூட்டியே பார்த்து, எந்தப் பகுதியில், எந்த நாளில் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கூட வந்தால் பேச்சு சுலபமாக முடியும். குலை வெட்டு நடக்கும் நாட்களில் போகாதீர்கள். வளைவுக்கு அப்பால் டிராக்டர் வருவது உங்கள் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. காப்புக்காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையின் அனுமதி தேவை, 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் அப்படி. ஓராங் அஸ்லி (பழங்குடி) கம்பத்தின் ஊடே போகும்போது கியரைக் குறைத்து மெதுவாகப் போங்கள், பிள்ளைகளும் கோழிகளும் வழியில்தான் இருக்கும்.

திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவுங்கள். ஆனால் பிரஷர் குழாயைச் சக்கரத்தின் பேரிங் பக்கமும் செயின் பக்கமும் நேராகக் காட்டாதீர்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஏர் ஃபில்டரின் பஞ்சைக் கழற்றி, கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் எண்ணெயில் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். வெயில் மாதங்களில் செம்மண் தூசி முதலில் நுழையும் வாசல் அதுதான், அதனால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் செய்ய வேண்டும். முதல் எஞ்சின் எண்ணெயைக் கையேட்டில் சொல்லியிருக்கும் தூரத்துக்குச் சற்று முன்பாகவே மாற்றுங்கள். வடிந்து வருகிற எண்ணெயில் பொடிப்பொடியாக உலோகத் துகள் மின்னினால் பதற வேண்டாம், புது எஞ்சினில் அது இருக்கத்தான் செய்யும். துண்டு துண்டாக வந்தால் மட்டும் அப்படியே ஒரு போத்தலில் ஊற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.